ஆட்டு ஈரலில் நீர்க்கட்டிகள்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

செம்மறியாடுகளின் உள்ளுறுப்புகளில் காணப்படும் நீர்க்கட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஆடு வளர்ப்போர், இறைச்சிக் கடைக்காரர், மாணவர், தாய்மார் எனப் பலரும் தத்தம் ஐயங்களை எழுதியிருந்தார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, நான் ஒரு சிறு செம்மறி மந்தை வைத்திருக்கிறேன். அண்மையில் வயதான பெட்டையாடு ஒன்றை அறுத்தபோது, அதன் ஈரலிலும் நுரையீரலிலும் வெண்மையான, தண்ணீர் நிறைந்த கட்டிகள் பல இருந்தன. உயிரோடு இருந்தவரை அந்த ஆடு நன்றாகவே மேய்ந்தது. இவை என்ன கட்டிகள்? இறைச்சியைச் சாப்பிடலாமா?

பதில்: தாங்கள் விவரித்துள்ள தோற்றத்தையும் ஆட்டின் வயதையும் சேர்த்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஹைடாடிட் கட்டிகளாகவே இருக்கும். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழுவின் இளம்பருவம்தான் இந்தக் கட்டி. முதிர்ந்த புழு ஆட்டின் உடலில் வாழ்வதில்லை. நாய், ஓநாய் முதலிய நாயினத்து விலங்குகளின் சிறுகுடலில்தான் வாழ்கிறது. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளும் புழுவையே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் புழுவின் நீளமோ 2 முதல் 7 மில்லிமீட்டர் வரைதான். அதன் உடலில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கண்டங்களே உண்டு. கடைசிக் கண்டம் முதிர்ந்ததும், தன்னுள் இருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளோடு கழன்று, நாயின் மலத்தோடு வெளியேறுகிறது. அந்த முட்டைகள் புல்லிலும் தண்ணீரிலும் ஒட்டிக் கிடந்து, மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போகின்றன. அங்கே முட்டை பொரிந்து வெளிவரும் ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய இளம்புழு, குடற்சுவரைத் துளைத்து இரத்தக் குழாய்க்குள் நுழைந்து, முதலில் ஈரலை அடைகிறது. ஈரலில் தங்காமல் தப்பியவை நுரையீரலுக்குச் செல்கின்றன. அதனால்தான் இந்த இரண்டு உறுப்புகளிலும் கட்டிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. சிறுநீரகம், மண்ணீரல், இதயம் ஆகியவற்றிலும் சில வேளைகளில் தோன்றுவதுண்டு.

கட்டியின் அமைப்பையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. வெளிப்புறத்தில் இருக்கும் தடித்த உறை, ஆட்டின் உடல் தன்னைக் காத்துக்கொள்வதற்காக எழுப்பிக்கொண்டது. அதற்கு உள்ளே, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற வழவழப்பான ஓர் அடுக்கு உண்டு. அதற்கும் உட்புறமாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய உயிருள்ள படலம் ஒன்று இருக்கிறது. நோயின் ஆற்றல் முழுவதும் அந்தப் படலத்தில்தான் அடங்கியிருக்கிறது. அதிலிருந்து நுண்ணிய புழுத்தலைகள் ஆயிரக்கணக்கில் அரும்பி, கட்டியின் அடியில் மணல் படிவதுபோலப் படிகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு நாயின் குடலை அடைந்தால் ஒரு முழுப் புழுவாக வளரக்கூடியவை. இப்படிப் புழுத்தலைகள் உருவாவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், இளம் ஆடுகளின் கட்டிகளைவிட, மந்தையிலிருந்து கழிக்கப்படும் வயதான ஆடுகளின் கட்டிகளே நோயைப் பரப்புவதில் முன்னிற்கின்றன. கட்டி மிக மெதுவாக வளர்வதாலும், ஈரலும் நுரையீரலும் தம் பரப்பில் ஒரு பகுதியை இழந்தாலும் ஈடுகொடுக்கக் கூடியவை என்பதாலும், ஆடு நோயின் அடையாளம் எதையும் காட்டாமலே வாழ்ந்துவிடுகிறது. ஆகவே ஆடு நலமாக மேய்ந்தது என்பதை வைத்து மந்தையில் நோயில்லை என்று முடிவுகட்ட இயலாது.

வழக்கமான இறைச்சிப் பரிசோதனையில் வேறு குறை இல்லையென்றால், சதைப் பகுதியைச் சமைத்து உண்ணலாம். கட்டிகள் உள்ள உறுப்புகளை மட்டும் முழுமையாக அகற்றிவிட வேண்டும். இந்தக் கட்டியைத் தின்பதால் மனிதருக்கு நோய் வருவதில்லை. நாயின் மலத்தில் வெளிவரும் முட்டை வாய்க்குள் போவதால்தான் வருகிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இறைச்சியைக் கண்டு அஞ்சுகிற பலர், அதே கட்டியை அறுத்து நாய்க்கு எறியும்போது சிறிதும் அஞ்சுவதில்லை. தங்கள் கடிதத்தில் ஒரு செய்தி மட்டும் இல்லை: அந்த ஈரலும் நுரையீரலும் பிறகு எங்கே போயின? அவற்றை நாய் தின்றிருந்தால், ஏறக்குறைய ஆறு வாரங்களில் அந்த நாய் முட்டைகளை வெளியேற்றத் தொடங்கிவிடும். அந்தக் காலம் முடிவதற்குள் அதற்கு நாடாப்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குடற்புழு நீக்க மருந்து ஊற்றுகிறேன். இருந்தும் அறுக்கும்போது கட்டிகள் தென்படுகின்றன. குட்டிகளின் புழுக்கையோடு வெள்ளையான தட்டைத் துண்டுகளும் வருகின்றன. மருந்து போலியா?

பதில்: மருந்தைக் குறை சொல்வதற்கு முன், தாங்கள் காண்பவை இரண்டு வெவ்வேறு புழுக்கள் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். புழுக்கையோடு வெளிவரும் வெள்ளைத் துண்டுகள் மொனீசியா என்னும் நாடாப்புழுவின் கண்டங்கள். அது ஆட்டின் குடலிலேயே முதிர்ந்து வாழும் புழு. புல்வெளி மண்ணில் வாழும் நுண்ணிய உண்ணிப்பூச்சி ஒன்றைப் புல்லோடு சேர்த்து விழுங்கும்போது குட்டிகளைப் பற்றுகிறது. அதற்கும் நாய்க்கும் தொடர்பில்லை. அதற்கும் ஈரல் கட்டிக்கும் தொடர்பில்லை. பார்வைக்கு அச்சம் தந்தாலும், பெரும்பாலான மந்தைகளில் அது செய்யும் தீங்கு குறைவே.

ஈரலில் இருப்பது வேறு கதை. தாங்கள் ஊற்றும் மருந்து குடலில் உள்ள புழுக்களைக் கொல்வதற்காக அளவிடப்பட்டது. தடித்த உறைகளுக்குள் திரவத்தில் மிதக்கும் புழுத்தலைகளை அழிக்கும் அளவுக்கு, ஒரு வேளை மருந்து கட்டிக்குள் ஊடுருவுவதில்லை. நெடுநாள் தொடர்ந்து அதிக அளவில் மருந்து கொடுத்துக் கட்டிகளைச் சிதைக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டினாலும், ஒரு மந்தை முழுவதற்கும் அதைச் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆகவே இந்த நோயைப் பொறுத்தவரை மருந்து போக வேண்டிய இடம் ஆட்டின் வாயன்று, நாயின் வாய். ஆட்டுக்கு ஆண்டு முழுவதும் செலவு செய்துவிட்டு நாயை மறந்துவிடும் வளர்ப்போரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அவர்களிடம் உழைப்புக்கும் அக்கறைக்கும் குறைவில்லை, அது சென்று சேரும் இடம்தான் தவறிவிடுகிறது.

கேள்வி: மந்தையைக் காக்க இரண்டு நாய்கள் வைத்திருக்கிறோம். இரண்டும் கொழுகொழுவென்று துடிப்பாக இருக்கின்றன. அவற்றுக்குப் புழு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த மருந்தை, எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது? தெருநாய்கள் வந்து மேய்ச்சல் நிலத்தில் மலம் கழித்தால் என்ன செய்வது?

பதில்: நாய் கொழுத்திருப்பது எந்த ஆறுதலையும் தராது. ஆயிரக்கணக்கான எக்கினோகாக்கஸ் புழுக்களைக் குடலில் சுமக்கும் நாயும் மெலியாமல், கழியாமல், வழக்கம்போல ஓடியாடித் திரியும். புழுவின் கண்டங்கள் மிகச் சிறியவை என்பதால் மலத்தைப் பார்த்துக் கண்டறிய முடியாது. நுண்ணோக்கியில் முட்டை தெரிந்தாலும், டீனியா வகையைச் சேர்ந்த பிற நாடாப்புழுக்களின் முட்டையும் இதே தோற்றம் கொண்டது என்பதால், எந்தப் புழுவினுடையது என்று பிரித்துச் சொல்ல இயலாது. மலத்தில் புழுவின் புரதத்தையோ மரபணுவையோ தேடும் சிறப்புச் சோதனைகள் உள்ளன. அவை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிடுகின்றன. எனவே மந்தையோடு திரியும், பச்சை இறைச்சிக் கழிவை எட்டக்கூடிய ஒவ்வொரு நாய்க்கும் புழு இருக்கலாம் என்று கருதி மருந்து கொடுப்பதே அறிவுடைமை.

பிராசிகுவான்டல் என்னும் மருந்து இதற்கு மிகச் சிறந்தது. நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே வேளையாக வாய்வழி கொடுத்தால் போதும். பல மருந்துகள் கலந்த மாத்திரைகளில் இது இருக்கிறதா என்று உறையைப் படித்துப் பாருங்கள். உருளைப்புழுவுக்கு மட்டுமான மாத்திரைகள் இந்தப் புழுவைத் தொடாது. எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் எடைபோட்டுப் பார்த்துக் கால்நடை மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை உணவுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், நாய் அதை விழுங்கும்வரை அருகிலேயே நிற்க வேண்டும். உணவை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவதில் நாய்கள் கெட்டிக்காரத்தனம் மிக்கவை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்குப் புழுவின் வளர்ச்சியே கணக்குச் சொல்கிறது. நாய் கட்டியைத் தின்ற நாளிலிருந்து புழு முதிர்ந்து முட்டையை வெளியேற்ற ஏறக்குறைய ஆறு முதல் ஏழு வாரங்கள் ஆகின்றன. ஆகவே 42 நாளுக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால், இடையில் நாய் எங்கேனும் திருட்டுத்தனமாகக் கழிவைத் தின்றிருந்தாலும், புழு முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்குள் இறந்துவிடும். இந்த இடைவெளியைக் கடைப்பிடிக்கவே முடியாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கொடுக்கலாம். அது முட்டைகளைக் குறைக்குமே தவிர முற்றிலும் நிறுத்தாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மருந்து புழுவைக் கொல்லும். புழுவுக்குள் இருக்கும் முட்டைகளைக் கொல்லாது. மருந்து கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள்கள் நாயைக் கட்டிவைத்து, அது கழிக்கும் மலத்தைக் கையுறையணிந்து அள்ளி, எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். மருந்து கொடுத்த அன்றே நாயை மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துச் சென்றால், இறந்த புழுக்களில் உள்ள முட்டைகளை நாமே நிலத்தில் விதைத்தவர்களாவோம்.

முட்டை மிகவும் உறுதியானது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வழக்கமான கிருமிநாசினிகளில் பெரும்பாலானவை அதை ஒன்றும் செய்வதில்லை. அதற்குப் பகை வெயிலும் வறட்சியும் கொதிநீரும்தான். நாய் படுக்கும் தரையையும் கூண்டையும் மருந்து தெளித்துக் கழுவுவதைவிடக் கொதிநீர் ஊற்றிக் காயவிடுவது பயன் தரும்.

தெருநாய்களைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது. ஒரு வேலி இதைத் தீர்த்துவிடாது. காற்றும் மழைநீரும் ஈக்களும் முட்டைகளைச் சுமந்து செல்கின்றன. ஆனால் தெருநாய்க்கும் இந்தப் புழு தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் எறிந்த பச்சை ஈரலோ, புதைக்கப்படாமல் விடப்பட்ட ஆட்டின் உடலோதான் அந்த நாய்க்குப் புழுவைக் கொடுத்திருக்கிறது. அண்டை மந்தைக்காரர்களோடும் அறுப்பவர்களோடும் பேசி, கழிவை நாய்க்கு எட்டாமல் செய்தால், மருந்தே விழுங்காத தெருநாய்களிடமும் புழு மெல்ல மெல்லக் குறையும். நாயை அடிப்பதும் நஞ்சு வைப்பதும் கொடுமை. அவை நோயையும் நிறுத்துவதில்லை, ஏனெனில் காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடுகின்றன.

கேள்வி: ஒரு வயதுகூட நிரம்பாத கிடாய்க்குட்டி ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. மந்தையோடு சேராமல் தனித்து நிற்கிறது. ஒரு கண் தெரியவில்லை என்று தோன்றுகிறது. இதுவும் அதே நோயா? மற்ற ஆடுகளுக்குப் பரவுமா?

பதில்: இது ஹைடாடிட் கட்டியாக இருப்பது அரிது, அதற்கு நெருங்கிய உறவான வேறொரு புழுவின் வேலையாக இருக்கக்கூடும். டீனியா மல்டிசெப்ஸ் என்னும் நாடாப்புழுவும் நாயின் குடலில்தான் வாழ்கிறது. ஆனால் இது ஒரு மீட்டர் வரை நீளக்கூடியது. இதன் முட்டையை ஆடு விழுங்கினால், இளம்புழுக்கள் இரத்தத்தில் பயணித்து மூளையையோ தண்டுவடத்தையோ அடைந்து, அங்கே நீர்க்கட்டியாக வளர்கின்றன. ஒரே சமயத்தில் ஏராளமான முட்டைகளை விழுங்கிய குட்டிகளில், இளம்புழுக்கள் மூளைக்குள் நகரும்போதே காய்ச்சலும் தள்ளாட்டமும் வலிப்பும் கண்டு இறப்பு நேர்வதுண்டு. பொதுவாகக் காணப்படுவது நாள்பட்ட வடிவம். முட்டை உள்ளே போய்ச் சில மாதங்கள் கழித்து, கட்டி பல சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து மூளையை அழுத்தும்போது, தாங்கள் சொன்ன வட்டமிடுதலும் தலைச்சாய்வும் பார்வைக் குறைவும் தோன்றுகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆடுகளே இதற்கு ஆளாகின்றன. கட்டி மூளையின் ஒரு பாதியில் இருந்தால் அதற்கு எதிர்ப்புறக் கண்ணில் பார்வை மங்குவது வழக்கம். இது கட்டியின் இடத்தைக் கணிக்க மருத்துவருக்கு உதவும். மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கட்டி இருந்தால், அதற்கு மேலுள்ள மண்டையோட்டு எலும்பு மெலிந்து விரலால் அழுத்தும்போது இளகிக் கொடுப்பதும் உண்டு.

வட்டமிடும் எல்லா ஆடுகளுக்கும் இதுவே காரணம் என்று கொள்ளாதீர்கள். லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா நோயிலும் ஆடு வட்டமிடும். அதில் காய்ச்சல், ஒரு பக்கக் காது தொங்குதல், எச்சில் வழிதல் ஆகியவை தோன்றி, சில நாள்களிலேயே நிலைமை முற்றிவிடும். கட்டியால் வரும் நோய் வாரக்கணக்கில் மெல்ல வளரும். மூக்கறைகளுக்குள் புகும் ஈப்புழுக்களும், தயமின் என்னும் வைட்டமின் குறைபாடும் இதையொத்த சில அறிகுறிகளைக் காட்டும். இவற்றுள் சில, காலத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகக்கூடியவை என்பதால், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீர்க்கட்டி என்று உறுதியானால், மண்டையோட்டில் சிறு துளையிட்டுக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இடம் சரியாகக் கணிக்கப்பட்டு, கட்டி மேற்பரப்பில் ஒன்றாக மட்டும் இருந்தால், ஆடு மீண்டு வருவதற்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

ஆட்டிலிருந்து ஆட்டுக்கு இது பரவாது. ஆனால் அந்த ஆட்டை அறுக்க நேர்ந்தால், தலையைப் பிளந்து நாய்க்குப் போடாதீர்கள். ஹைடாடிட் நோயில் ஈரலும் நுரையீரலும் எப்படியோ, இந்த நோயில் மூளை அப்படி. அரிதாக மனிதரின் மூளையிலும் கண்ணிலும் இந்தக் கட்டி தோன்றியிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். குடலைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வில் தொங்கும் நீர்ப்பைகளை அடிக்கடி பார்க்கிறேன். சில ஆடுகளின் இதயத்திலும் சதையிலும் வெள்ளையாகச் சிறு முடிச்சுகளும் இருக்கின்றன. வாங்குவோரிடம் என்ன சொல்வது?

பதில்: சவ்வில் தொங்குபவை டீனியா ஹைடாடிஜினா என்னும் நாய் நாடாப்புழுவின் இளம்பருவம். ஒவ்வொரு நீர்ப்பைக்குள்ளும் நீண்ட கழுத்தோடு ஒரே ஒரு வெண்ணிறத் தலை தெரியும். ஹைடாடிட் கட்டி உறுப்புக்குள் புதைந்திருக்கும், இது பெரும்பாலும் உறுப்பின் மேல் தொங்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படும். இதயம், உதரவிதானம், தாடைத் தசை முதலியவற்றில் காணும் சிறு முடிச்சுகள் டீனியா ஓவிஸ் என்னும் மற்றொரு புழுவுடையவை; அவை விரைவில் இறந்து சுண்ணமேறிக் கடினமாகிவிடும். இவ்விரண்டும் மனிதருக்கு நோய் உண்டாக்குவதில்லை என்று வாங்குவோரிடம் உறுதியாகச் சொல்லலாம். என்றாலும் பாதித்த பகுதியை வெட்டி நீக்கியே விற்க வேண்டும். முடிச்சுகள் சதை முழுவதும் பரவியிருந்தால் பரிசோதகர் அந்த ஆட்டிறைச்சியை முழுவதுமாகக் கழிக்கவும் கூடும்.

தங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. ஒரு கடையின் பின்புறத்தில் காத்திருக்கும் நாய்களுக்கு நாள்தோறும் எறியப்படும் துண்டுகள், பல மந்தைகளின் புழுக்களை ஒரே நாயிடம் சேர்த்துவிடுகின்றன. ஒரு வளர்ப்பவர் ஆண்டுக்குச் சில ஆடுகளையே அறுக்கிறார். தாங்கள் ஒரு வாரத்தில் அதைவிட அதிகமாக அறுக்கிறீர்கள். ஆதலால் மூடியுள்ள ஒரு தொட்டியைக் கடையில் வைத்து, கழித்த உறுப்புகளை அதில் மட்டும் போட்டுவருவது, ஒரு மருத்துவர் பல நாய்களுக்கு மருந்து கொடுப்பதற்கு இணையான பணி. நாய்க்கு ஏதேனும் கொடுத்தே ஆகவேண்டும் என்று மனம் இரங்கினால், உறுப்புகளைச் சிறு துண்டுகளாக்கிக் குறைந்தது அரைமணி நேரம் நன்கு கொதிக்கவைத்துக் கொடுங்கள். உறையவைப்பதானால், துண்டின் நடுப்பகுதி வரை மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே 10 நாள்கள் இருக்க வேண்டும். ஓரிரவு மட்டும் உறைபெட்டியில் வைப்பதை நம்பக் கூடாது.

கேள்வி: எங்கள் பண்ணை நாயோடு என் ஐந்து வயது மகன் எந்நேரமும் விளையாடுகிறான். சென்ற இதழின் குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. நாயை அப்புறப்படுத்திவிட வேண்டுமா? மகனுக்கு என்ன பரிசோதனை செய்வது?

பதில்: அம்மா, முதலில் அமைதி கொள்ளுங்கள். நாயை அனுப்பவேண்டிய தேவை இல்லை. பச்சை உறுப்புகளைத் தின்னாத, முறையாக மருந்து கொடுக்கப்படும் நாயிடம் இந்தப் புழு இருப்பதற்கு வழியே இல்லை. இன்றைக்கே மருந்து கொடுத்து, உணவை மாற்றி, மலத்தை அப்புறப்படுத்தத் தொடங்கிவிட்டால், இனிமேல் தொற்றுவதற்கான வழியைப் பெருமளவு அடைத்துவிட்டீர்கள் என்றே பொருள்.

இதுவரை நடந்ததைப் பற்றித் தாங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. முட்டைகள் நாயின் மயிரிலும் மூக்குப் பகுதியிலும் ஒட்டியிருந்து, தடவும் கைவழியாக வாய்க்குப் போகலாம். கழுவாத காய்கறி, மண், தண்ணீர் ஆகியவற்றின் வழியாகவும் போகலாம். போன முட்டைகள் அனைத்தும் கட்டியாவதில்லை. கட்டியானாலும் அது பல ஆண்டுகள் அறிகுறியின்றி மெதுவாக வளரும். மனிதரில் பெரும்பாலும் ஈரலிலும், அடுத்தபடியாக நுரையீரலிலும் காணப்படுகிறது. வயிற்றின் வலது மேற்பகுதியில் பாரம், வலி, மஞ்சள் காமாலை, காரணம் தெரியாத நாள்பட்ட இருமல் போன்றவை இருந்தால், அல்லது நாய் நெடுங்காலமாகப் பச்சை ஈரல் தின்றுவந்தது என்றால், மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இந்தப் பின்னணியைச் சொல்லுங்கள். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்டும் மார்புக்கு எக்ஸ்ரேயும் எளிய, நம்பத்தக்க தொடக்கம். இரத்தப் பரிசோதனை உதவியாக இருக்கும்; ஆனால் கட்டி இருந்தும் அது இல்லையென்று காட்டுவதுண்டு.

ஒருவேளை கட்டி இருந்தாலும் சிகிச்சை உண்டு. கட்டியின் அளவையும் நிலையையும் பொறுத்து, மாதக்கணக்கில் அல்பென்டசோல் என்னும் புழுக்கொல்லி மருந்தைக் கொடுப்பது, ஊசியால் திரவத்தை உறிஞ்சிப் புழுக்கொல்லித் திரவத்தைச் செலுத்தி மீண்டும் உறிஞ்சுவது, அறுவை சிகிச்சை, செயலிழந்த கட்டியாக இருந்தால் தொடர்ந்து கண்காணிப்பது ஆகிய நான்கு வழிகளுள் ஒன்றையோ சிலவற்றையோ மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கட்டிக்குள் இருக்கும் திரவம் உடலுக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை உண்டாகலாம். சிந்திய புழுத்தலைகள் புதிய கட்டிகளாகவும் முளைக்கும். ஆகையால் ஆடு, நாய் ஆகியவற்றோடு பழகிவரும் ஒருவருக்கு ஈரலில் நீர்க்கட்டி தெரிந்தால், அந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, எந்த ஒரு காலத்திலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எக்கினோகாக்கஸ் நோய்களோடு வாழ்கிறார்கள்; புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அந்த நிறுவனம் இதைச் சேர்த்துள்ளது. மகனுக்குத் தாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: நாயோடு விளையாடிய பின் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. முகத்தை நாய் நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கால்நடை மருத்துவம் பயிலும் மாணவி நான். இந்த நோயை முற்றிலும் ஒழித்த நாடு ஏதேனும் உண்டா? ஆடுகளுக்குத் தடுப்பூசி இருக்கிறதா?

பதில்: உண்டு, அந்த வரலாறு இந்நோயைப் பற்றி எனக்குப் பெரும் நம்பிக்கை அளிப்பது. ஆட்டின் கட்டியும் நாயின் புழுவும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள் என்பதே 1850களில்தான் நிறுவப்பட்டது. ஆட்டுக் கட்டிகளை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் குடலில் முதிர்ந்த புழுக்களைக் கண்டெடுத்து ஜெர்மன் விலங்கியலாளர் ஃபான் சீபோல்ட் அதைக் காட்டினார். அக்காலத்தில் ஐஸ்லாந்து மக்களிடையே இந்நோய் மிகக் கடுமையாகப் பரவியிருந்தது. 1863இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராப்பே அங்கே சென்று ஆராய்ந்தார். பிறகு, நோய் எப்படி வருகிறது, உறுப்புகளை ஏன் நாய்க்குப் போடக்கூடாது என்பவற்றை எளிய நடையில் விளக்கும் சிறு நூல் அச்சிடப்பட்டு வீடுகளுக்கு வழங்கப்பட்டது. நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் தொடர்ந்தன. இன்றைய மருந்துகள் எவையும் இல்லாத காலத்தில், பெரும்பாலும் மக்களின் வழக்கத்தை மாற்றியே அந்நாடு நோயிலிருந்து மீண்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நியூசிலாந்து 1959இல் தனிச்சட்டம் இயற்றி, நாய்களுக்கு மருந்து கொடுப்பதையும் கழிவுக் கட்டுப்பாட்டையும் பல பத்தாண்டுகள் விடாமல் நடத்தியது. 2002இல் அது தற்காலிகமாக நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவு 1996இலேயே அந்த நிலையை அடைந்திருந்தது. இவை யாவும் தீவுகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாய்களும் காட்டு விலங்குகளும் எல்லையின்றித் திரியும் பெருநிலப்பரப்பில் இதே வெற்றி கடினமானது. அங்கேதான் தடுப்பூசியின் தேவை எழுகிறது.

ஈஜி95 என்னும் தடுப்பூசி 1990களில் உருவாக்கப்பட்டது. இளம்புழுவின் ஒரு புரதத்தை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து பெற்ற இந்தத் தடுப்பூசி, சோதனைகளில் ஆடுகளுக்கு ஏறக்குறைய 95 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது. சீனாவிலும் அர்ஜென்டினாவிலும் இது களத்தில் பயன்பட்டுள்ளது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளும் அதன்பின் ஊக்க ஊசியும் தேவை. ஏற்கெனவே உள்ள கட்டிகளை இது கரைக்காது என்பதால் குட்டிகளிலிருந்தே தொடங்க வேண்டும். வயதான ஆடுகள் கழிந்து புதிய தலைமுறை மந்தையை நிரப்பும்வரை பலன் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் காத்திருப்பைப் பொறுக்காமல் பாதியில் கைவிடப்படுவதுதான் இத்தகைய திட்டங்களுக்குப் பெரும் இடையூறு. தாங்கள் படிப்பை முடித்துக் களத்துக்கு வரும்போது, ஊசியோடு பொறுமையையும் வளர்ப்போரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கட்டி இருந்த பெட்டையாட்டின் பாலைக் குடிக்கலாமா? அதன் குட்டிகளுக்கு நோய் இருக்குமா? கழிவை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது?

பதில்: பால் வழியாக இந்நோய் வராது, வழக்கம்போலக் காய்ச்சிக் குடிக்கலாம். குட்டிகள் தாயிடமிருந்து நோயைப் பெறுவதில்லை, ஆனால் தாய் மேய்ந்த அதே நிலத்தில் மேய்வதால் அவையும் முட்டைகளை விழுங்கியிருக்கக்கூடும். கழிவை எரிப்பதே முதல் தேர்வு. புதைப்பதானால் குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் இட்டு, மண்ணை இறுக மிதித்து, மேலே கனமான கற்களையோ முள்ளையோ பரப்புங்கள். மேய்ச்சல் நிலத்தில் இறந்துகிடக்கும் ஆட்டுக்கும் இதே முறைதான். அதை நாய் கண்டுபிடிப்பதற்கு முன் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், மாலையில் ஆடுகளை அடைக்கும்போது எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒன்று குறைந்தாலும் அன்றே தேடிப் பாருங்கள்.